கிலோமீட்டர அப்புறம் பாக்கலாம், வண்டி மழைக்கு எங்க நின்னுச்சு?

செகண்ட்ஸ்ல கார் தேடறவங்க எல்லாரும் எடுத்ததும் கேக்கறது எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு, எத்தனாவது ஓனர், இந்த ரெண்டும்தான். தப்பே இல்ல, ஆனா சென்னைல வாங்கறதா இருந்தா அதுக்கும் முன்னாடி ஒண்ணு கேக்கணும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப இந்த வண்டி எந்த ஏரியால எந்த பார்க்கிங்ல நின்னுட்டு இருந்துச்சு? பத்து வருஷம் தாண்டின வண்டின்னா 2015 டிசம்பரையும் சேத்துக் கேளுங்க. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்ல, மழை எச்சரிக்கைன்னு டிவில சொன்ன ஒடனே ஜனங்க கார கொண்டு போய் வேளச்சேரி பாலத்து மேல வரிசையா விட்டுட்டு வர்ற ஊரு இது. அப்படி ஏத்தாம அபார்ட்மெண்டுக்கு அடில தூணுங்களுக்கு நடுவுல இருக்கற ஸ்டில்ட் பார்க்கிங்லயே விட்ட வண்டிங்க எல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க? பாதி இப்ப பாலிஷ் போட்டு விலைக்கு நிக்குது.

மச்சானுக்கு வண்டி பாக்கறதுக்காக இப்போ கொஞ்ச நாளா இதே வேலையா சுத்திட்டு இருந்தோம். கையில மூணரை லட்சம், வீட்ல அத்தை மாமாவோட சேத்து ஆறு பேரு, ரெண்டு பேரு சின்னப் பசங்கங்கறதால அஞ்சு சீட்டுல அட்ஜஸ்ட் ஆகிடும். கூட எங்க மெக்கானிக் பாய் வந்தாரு. பழைய கார் வாங்கி விக்கற கன்சல்டிங் ஒண்ணுல நின்ன வெள்ளை ஹேட்ச்பேக் ஒண்ணு, 2016 மாடல், சிங்கிள் ஓனர், உள்ள ஏறினா ஷோரூம் வாசனை அடிக்குது, மச்சான் அப்பவே மனசுக்குள்ள மாலை போட்டுட்டான். பாய் பானட்ட கூட தொறக்கல. டிரைவர் சீட்டு பெல்ட்ட பிடிச்சு இழுத்தாரு, இழுத்துட்டே போனாரு, வழக்கமா நாம போடற நீளத்தையும் தாண்டி கடைசி வரைக்கும். கடைசி ஒரு ஜாண் மட்டும் வேற கலர்ல, காஞ்ச சேறு மாதிரி பழுப்பா ஒரு கோடு. அப்புறம் டிக்கில ஸ்டெப்னிய தூக்கிட்டு அந்தக் குழில வெரல விட்டு ஓரத்த தடவினாரு, பொடி மண்ணு வந்துச்சு. சீட்டுக்கு அடில டார்ச் அடிச்சா ஸ்பிரிங்லயும் போல்ட்லயும் துரு. "பத்து வருஷ வண்டில கார்பெட் மட்டும் எப்டி சார் புதுசா இருக்கும்?"னு என்னைப் பாத்துக் கேட்டுட்டு கைய தொடச்சுக்கிட்டு வெளிய வந்துட்டாரு. கன்சல்டிங் தம்பி "ஏசி தண்ணி லீக் ஆச்சு சார், அதான்"னு ஏதோ சொன்னான். ஏசி தண்ணி சீட் பெல்ட்டு வரைக்கும் ஏறாது தம்பி.

இவ்ளோ பயம் ஏன்னா, தண்ணி பூந்த வண்டி ஒடனே படுத்துடாது, அதான் பிரச்சினையே. கார்பெட்டுக்கு அடில ஒயரிங் போகுது, ஏர்பேக்க கண்ட்ரோல் பண்ற யூனிட்டு பெரும்பாலான வண்டிங்கள்ல முன்சீட்டு நடுவுல தரையோட தரையா உக்காந்திருக்கும், கனெக்டருக்குள்ள ஈரம் போச்சுன்னா மெதுவா பச்சை பூத்து அரிக்க ஆரம்பிக்கும். நீங்க வாங்கி ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் பவர் விண்டோ நிக்கும், அடுத்து சென்ட்ரல் லாக், அப்புறம் மீட்டர்ல ஏர்பேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் எலக்ட்ரீஷியன்கிட்ட போய் நிக்கணும். அந்த ஏர்பேக் லைட்டையும் பாத்துக்கோங்க, ஏர்பேக் இருக்கற வண்டில சாவியப் போட்டு இக்னிஷன் ஆன் பண்ணா எரிஞ்சு அணையணும், எரியவே இல்லன்னா எவனோ கைய வெச்சிருக்கான்னு அர்த்தம். தண்ணில நிக்கறப்ப ஸ்டார்ட் பண்ணிருந்தா கதையே வேற, சிலிண்டருக்குள்ள தண்ணி போச்சுன்னா காத்து மாதிரி அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், இன்ஜின் எறக்கற செலவு.

இன்ஷூரன்ஸ் பேப்பர வாங்கி என்சிபி, அதாவது க்ளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி, எவ்ளோன்னு பாக்கற பழக்கம் நெறைய பேருக்கு இல்ல. க்ளெய்மே பண்ணாம இருந்தா மொத வருஷம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷத்துல 50 வரைக்கும் தள்ளுபடி ஏறும். எட்டு வருஷ வண்டி, ஒரே ஓனர், நல்லா பாத்துக்கிட்டோம்னு சொல்றாங்க, பாலிசில என்சிபி பூஜ்யம்னு இருக்குன்னா பெரும்பாலும் நடுவுல ஏதோ க்ளெய்ம் போயிருக்கு, இல்லன்னா பாலிசிய 90 நாளுக்கு மேல காலாவதி ஆக விட்டிருக்காங்க. எதுன்னு கேட்டுடுங்க. கேட்டா கோவப்படறவர்கிட்ட வண்டி வாங்க வேண்டாம், அவ்ளோதான்.

தண்ணி மாதிரியே இன்னொண்ணு உப்புக் காத்து. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் ஓரமா வெட்டவெளில நின்ன வண்டின்னா மேல பளபளன்னு இருக்கும், கதவோட அடி விளிம்பு, சைலன்சர், வண்டிக்கு அடிப்பக்கம் குனிஞ்சு பாத்தாதான் தெரியும். அங்கங்க பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருந்தா தட்டிப் பாருங்க, சத்தம் மந்தமா வரும்.

மீட்டர் ரீடிங்க நம்பாதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, சரி, எத நம்பறது? ஸ்டீயரிங், கியர் நாப், பிரேக் பெடல் ரப்பர், இதெல்லாம் பொய் சொல்லாது. முப்பதாயிரம் கிலோமீட்டர்னு மீட்டர் சொல்லுது, பெடல் ரப்பர் வழுக்கையா இருக்குன்னா வேற என்ன. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 1419ன்னா 2019ல 14வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், ஓடறது குறைவுன்னு சொல்ற வண்டில டயர் ரெண்டாவது செட்டா இருந்தா யோசிங்க. கம்பெனி சர்வீஸ்ல விட்ட வண்டின்னா ஓனர கூட்டிட்டுப் போய் ஹிஸ்டரி கேட்டா தேதியோட கிலோமீட்டரோட காட்டிடுவாங்க. டிசையர், எட்டியாஸ் மாதிரி வண்டின்னா டீ போர்டா, அதாவது டாக்ஸியா ஓடிட்டு சொந்த வண்டியா ஓன் போர்டுக்கு மாத்தினதான்னும் விசாரிச்சுடுங்க.

எந்த வண்டின்னு கேட்டா நான் பெட்ரோல் மட்டும்தான் சொல்லுவேன், ஸ்கூல் கோயில் மார்க்கெட்னு ஓடறவங்களுக்கு பழைய டீசல் எதுக்கு, மாருதியே 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதி வந்தப்ப டீசல நிறுத்திட்டாங்க. வேகன் ஆர் அழகில்ல, ஆனா முட்டிவலி இருக்கற மாமா அத்தைங்க ஏறி எறங்க அத விட வசதி இந்த விலைக்கு இல்ல, பழைய ஸ்பேர் விக்கற புதுப்பேட்டைலேருந்து தெருமுனைக் கடை வரைக்கும் ஸ்பேர் கிடைக்கும். கிராண்ட் ஐ10 ஓட்ட நல்லா இருக்கும், ஏசியும் நல்லா கூல் ஆகும், நம்ம இருங்காட்டுக்கோட்டைல செஞ்ச வண்டி வேற. ஃபோர்டு வண்டிங்க கட்டுமஸ்தா இருக்கும், விலையும் எறங்கிருக்கு, ஆனா 2021ல இங்க கார் தயாரிப்ப நிறுத்தறோம்னு சொன்னப்பறம் குடும்பத்துக்கு ஒரே கார் அதுதான்னா எனக்கு மனசு ஒப்பல. ஏர்பேக், சடன் பிரேக்ல சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ், ரெண்டும் இருக்கற வேரியண்ட்டா பாருங்க, டிரைவர் ஏர்பேக்கே 2019 ஜூலைலேருந்துதான் கட்டாயம், அதுக்கு முந்தின லோ எண்ட் மாடல்ங்கள்ல நெறைய வண்டில ஒண்ணுமே கிடையாது. இதுக்காக ஒரு வருஷம் பழசா வாங்கினாலும் பரவால்ல.

ஓட்டிப் பாக்கறத சாயங்காலம் வெச்சுக்காதீங்க. மத்தியானம் ஏசிய போட்டு சிக்னல்ல நிக்க வைங்க, நிக்கறப்ப கூலிங் போகுதான்னு தெரியும், அப்டியே கத்திபாரா பாலம் ஏத்தினா கிளட்ச் தேஞ்சிருக்கான்னு தெரியும், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரலன்னா கிளட்ச் முடிஞ்சுது. ஆனா மொத ஸ்டார்ட்ட மட்டும் காலைல, அவங்க சூடு பண்ணி வைக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, நீலப் புகை வந்தா இன்ஜின் ஆயில் குடிக்குது.

மூணரை லட்சம் இருந்தா மூணு லட்சத்துக்கு வண்டி பாருங்க. மிச்சம் டயர், பேட்டரி, மொத சர்வீஸ், இன்ஷூரன்ஸ்னு போயிடும். பேரம் பேசறப்ப ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, 2025 செப்டம்பர்ல சின்ன கார் ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதம் ஆச்சு, புது வண்டியே எறங்கிருக்கறப்ப பழசுக்கு பழைய ரேட்ட சொன்னா ஒத்துக்காதீங்க.

மச்சானுக்கு கடைசில நங்கநல்லூர்ல ரிட்டயர்டு பேங்க் சார் ஒருத்தர்கிட்ட வேகன் ஆர் அமைஞ்சுது, வீடு மேட்டுல, சர்வீஸ் பில்லு மொத்தமும் ஒரு கவர்ல போட்டு வெச்சிருந்தாரு. டோக்கன் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி எம்பரிவாகன்ங்கற கவர்மெண்ட் ஆப்ல வண்டி நம்பர போட்டு லோன், இன்ஷூரன்ஸ் எல்லாம் பாத்தோம், லோன் முடிஞ்சிருந்துச்சு ஆனா ஆர்சில ஹெச்பி, அதாவது வண்டி மேல பேங்க் கடன் இருக்குங்கற பதிவு, அப்டியே நின்னுச்சு, பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் வாங்கி அத கேன்சல் பண்ணப்பறம்தான் முழுப் பணம். பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி ஆர்டிஓல நாமளே நின்னு பேர் மாத்திட்டோம், 14 நாளுக்குள்ள இன்ஷூரன்ஸையும் மாத்தணும். சாரோட 50 சதவீத என்சிபி அவரோடதான், வண்டியோட வராது, அதனால நமக்கு பிரீமியம் ஏறும். மச்சான் அதுக்கு மூஞ்சிய தூக்கினான், நான் கூடவே தண்ணி பூந்து இன்ஜின் போனா காசு குடுக்கற இன்ஜின் புரொடெக்ட் கவரையும் சேத்து போட சொல்லிட்டேன், அவன் வீடு இருக்கறது பள்ளிக்கரணைல.