ஐந்தடி பாடி போதுமா? கம்பம்மெட்டு ரோட்டில் அளந்து பார்த்தது

டபுள் கேப் பிக்கப் (இரண்டு வரிசை ஸீட், பின்னால் திறந்த பாடி) வாங்க நினைக்கிறவர் எஞ்சினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். பின்னால் சாமான் ஏற்றும் பாடி எத்தனையடி நீளம் என்று கேட்டால், “அதுல என்ன இருக்கு, நம்ம நாட்டுல எல்லாம் ஒண்ணுதானே” என்று முடித்துவிடுவார். பாதி சரிதான். 2016 முதல் ஸ்ரீசிட்டியில் தயாராகிற இசுசு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டிலும் ஐந்து பேர் உட்காரலாம். இரண்டிலும் பாடி சுமார் ஐந்தடி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ்கூட 3095 மி.மீ., 3085 மி.மீ. என்று பத்து மில்லிதான் வித்தியாசம். அமெரிக்காவில் மாதிரி ஷோரூமில் போய் “ஆறரையடி கொடுங்க” என்று கேட்க வழியில்லை.

ஆகவே நம் ஊரில் கேள்வி வேறு மாதிரி வருகிறது. ஐந்து ஸீட்டும் ஐந்தடியும் எடுப்பதா, இல்லை பொலேரோ பிக்கப் மாதிரி முன்னால் மட்டும் ஸீட்டும் எட்டடி ஒன்பதடிப் பாடியும் எடுப்பதா? ஐந்தடி எடுத்தால், தேவைப்படும்போது மட்டும் அதை நீட்டிக்கொள்ள முடியுமா? பழைய வி-கிராஸ் ஒன்று விலைக்கு வந்தபோது எனக்கு முன்னால் நின்றது இதுதான். வீடு கம்பத்தில். ஏலக்காய்த் தோட்டம் மேலே, கேரளத்தில் வண்டன்மேடு பக்கம், சின்னதுதான். வீட்டில் ஐந்து பேர். தோட்டத்துச் சாமான் போக, என் சொந்தக் கிறுக்கு ஒன்று உண்டு: எக்ஸ்பல்ஸ் பைக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மலைக்காட்டு மண்பாதையில் ஓட்டுவது.

வண்டியைப் பார்க்கும் முன்பே காய் உலர்த்தும் களத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஐந்தடி, ஆறரையடி, ஒன்பதடி என்று மூன்று கட்டம், எல்லாம் ஐந்தடி அகலத்துக்கு. ஐந்தடிக் கட்டத்துக்குள் சக்கர மேடுகளையும், அதாவது பின்சக்கரங்களுக்காகப் பாடிக்குள் இருபுறமும் புடைத்து நிற்கும் இடங்களையும் வரைந்தேன். முக்கியமான வேலை அதுதான். தெரிந்தவர் ஒருவரின் வி-கிராஸில் டேப் பிடித்தபோது, இரண்டு சக்கர மேட்டுக்கும் நடுவே மூன்றரை அடிக்குச் சற்றே மேல் இருந்தது. பாடி ஐந்தடி அகலம் என்று சொல்வார்களே, தரையில் அந்த ஐந்தடி முழுசாகக் கிடைப்பது பின்பகுதியில் மட்டும்தான்.

பிறகு சாமான்களை ஒவ்வொன்றாகக் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தேன். மருந்து கலக்குகிற 200 லிட்டர் டிரம் ஒன்றின் விட்டம் 58 செ.மீ. இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் 116. சக்கர மேடுகளுக்கு நடுவே அது நுழையாது, நான்கு விரல் இடிக்கிறது. பின்டோரை ஒட்டி வைத்தால் நிற்கும். ஆனால் டிரம் இரண்டும் நிரம்பியிருந்தால் தண்ணீர் மட்டுமே 400 கிலோ, அத்தனையும் பின் அச்சுக்கு வெகு பின்னால். டபுள் கேப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: கேபின் நீண்டு பாடியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும், பின் அச்சு பாடியின் நடுவுக்கு முன்னாலேயே வந்துவிடும். நாம் சாதாரணமாகப் பின்டோரைத் திறந்து ஏற்றிவிட்டுப் போகிற பாரமெல்லாம் அச்சுக்குப் பின்னால்தான் உட்காருகிறது.

யூரியா மூட்டை 45 கிலோ. அதைக் கேபின் சுவரை ஒட்டிப் படுக்கவைத்து அடுக்கலாம், ஐந்தடிக்குள் ஒரு சிக்கலும் இல்லை. பச்சைக்காய்ச் சாக்கும் அப்படியே. பிளைவுட் பலகை எட்டுக்கு நாலு. நாலடி அகலம் சக்கர மேடுகளுக்கு நடுவே இறங்காது, மேட்டின் மேலேதான் கிடக்கும். பிவிசி பைப் 20 அடி. அதற்கு எந்தப் பாடியும் ஆகாது, ஒன்பதடியும் ஆகாது. ஆகவே பைப்பைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பைப்புக்கு வாடகை வண்டி போதும். அதை மனதில் வைத்து வருஷம் முழுக்க நீள வண்டியை வளைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாமான் பின்னால் நீட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்த அளவைத் தாண்டிச் சாமான் நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

இந்தச் சமயத்தில் டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா மகன் கூப்பிட்டான். அவனும் டபுள் கேப்தான் பார்க்கிறான், அங்கே க்ரூ கேப் என்கிறார்கள். “அண்ணே, இங்க அஞ்சரையும் இருக்கு, ஆறரையும் இருக்கு. எத எடுக்க?” கொடுத்துவைத்தவன். ஃபோர்டு எஃப்-150-ல் ஒரே கேபினுக்கு இரண்டு பாடி. ஐந்தரை என்று சொல்வது 67 அங்குலம், வீல்பேஸ் 145 அங்குலம். ஆறரை என்பது 79 அங்குலம், வீல்பேஸ் 157. பாடியில் கூடுகிற ஓரடியும் அப்படியே வீல்பேஸில் கூடுகிறது. அச்சுக்குப் பின்னால் தொங்குவது கூடுவதில்லை, அதனால் நீளப்பாடியில் பாரம் ஒழுங்காக உட்காரும், நெடுஞ்சாலையில் வண்டி அலையாது. பதிலுக்கு, திரும்ப அதிக இடம் கேட்கும். சக்கர மேடுகளுக்கு நடுவிலும் அந்த வண்டியில் நாலடிக்கு மேல் இருக்கிறது, பிளைவுட் படுத்துக்கொள்ளும். ஆனால் வண்டியின் மொத்த நீளம் ஐந்தரையில் 19 அடிக்குக் கொஞ்சம் மேல், ஆறரையில் 20 அடிக்குக் கொஞ்சம் மேல். அவன் வீட்டு கராஜ் 20 அடி. “டேப் எடுத்துக் கதவு மூடுமான்னு பாருப்பா, அப்புறம் பேசலாம்” என்றேன். எட்டடிப் பாடியோடு க்ரூ கேப் வேண்டுமென்றால் அங்கேயும் எஃப்-250 மாதிரிக் கனரக வண்டிக்குத்தான் போகவேண்டும்.

நமக்குக் கராஜ் பிரச்சினை இல்லை. கொண்டைஊசி வளைவுதான் பிரச்சினை.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுகிற மலை ரோட்டை நன்றாகத் தெரிந்தவர்கள், விடியும் முன்பே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர்கள்தான். அவர்களில் மூத்தவர் ஒருவரிடம் டீக்கடையில் கேட்டேன். ஒன்பதடி பிக்கப்பை அவர் பல வருஷம் ஓட்டியவர். “தம்பி, பாடி எத்தனையடின்னு பாக்காதீங்க. வீலுக்குப் பின்னாடி எவ்வளவு தொங்குதுன்னு பாருங்க. மேட்டுல அதான் பேசும்” என்றார். என் மாமாவின் ஒன்பதடி வண்டியில் அந்த டிரைவரோடு ஏறிப் பார்த்தபோது அது புரிந்தது. உள்வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டி ஓடையை உரசப் பார்க்கும். அதற்காக அகலமாக எடுத்தால் பின்மூலை வெளிப்பக்கம் வீசி, எதிரே வருகிற பஸ்ஸைத் தொடப் பார்க்கும். பின்பாரம் அதிகமானால் ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. இருட்டில் ஹெட்லைட் ரோட்டைப் பார்க்காமல் மரத்தைப் பார்க்கிறது.

இன்னொன்று, பாடி நீண்டால் தாங்கும் எடையும் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கூடாது. ஆர்சி புத்தகத்தில் மொத்த எடையும் வெறும் எடையும் போட்டிருக்கும். கழித்தால் வருவதுதான் நம் பங்கு. அதில் மனிதர்களும் அடக்கம். ஐந்து பேர் ஏறினாலே 350 கிலோ போய்விடும். நீளப்பாடி என்றால் இரும்பும் கூட, அதே மொத்த எடைக்குள் நம் பங்கு குறையத்தான் செய்யும். நிஜமாகவே எடை தூக்கவேண்டியவருக்கு ஒரு டன் தாங்கும் பொலேரோ கேம்பர்தான் சரி. அதிலும் ஐந்து ஸீட் உண்டு, ஆனால் அப்பாவை வைத்துக்கொண்டு வாராவாரம் அந்த விறைப்பான ஸ்பிரிங்கில் ஏற எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆக வி-கிராஸ் வந்தது, ஐந்தடியோடு. இனி பைக்.

ஏற்றும் முன்பே கணக்குப் போட்டுவைத்திருந்தேன். எக்ஸ்பல்ஸின் முன்சக்கரம் 21 அங்குலம்; டயரோடு சேர்த்தால் ஆரம் சுமார் 34 செ.மீ. டயர் கேபின் சுவரைத் தொட்டு நின்றால், அது தரையில் ஊன்றும் இடம் சுவரிலிருந்து 34 செ.மீ. அங்கிருந்து பைக்கின் வீல்பேஸ் 141. ஆக, பின்சக்கரம் ஊன்றுவது 175-ல். பாடித் தரை 150-க்குள் முடிந்துவிடுகிறது. ஏற்றிப் பார்த்தபோது அப்படியே நடந்தது. “மாப்ள, பின்சக்கரம் டோர் மேல நிக்குதுடா” என்று கீழே நின்ற மச்சான் கத்தினான். பைக் ஒன்றரை குவிண்டாலுக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதியை டோரின் இரண்டு கம்பிக்கயிறும் இரண்டு கீலும் தாங்குகின்றன. நிற்கும்போது தாங்கும். குழியில் இறங்கினால் அதே பாரம் பல மடங்காக அடிக்கும்.

இதே கணக்கை டெக்சாஸ் வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தரையடி என்பது 170 செ.மீ., பின்சக்கரம் டோர் இணைப்பின் மேலேயே வந்து நிற்கும். ஆறரையடி 200 செ.மீ., சக்கரம் தரைக்குள் நிற்கும். ஆனால் டயரின் பின்விளிம்பு 207-க்குப் போவதால் டோர் மூடாது. டோர் மூடுகிறதா என்பது ஒரு கேள்வி, சக்கரம் தரையில் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. பைக்குக்கு இரண்டாவதுதான் முக்கியம். மூடாத டோர் தொந்தரவு மட்டும்தான், டோர் மேல் நிற்கும் பாரம் ஆபத்து.

தீர்வு சாய்வாக ஏற்றுவது. ஐந்துக்கு ஐந்து சதுரத்தில் மூலைவிட்டம் ஏழடி வருகிறதே என்று முன்சக்கரத்தை இடது முன்மூலைக்குத் தள்ளினேன். சக்கர மேடு குறுக்கே நிற்பதால் சரியாக மூலைக்குள் போகவில்லை, ஒரு சாண் உள்ளே தள்ளித்தான் நின்றது. ஆனாலும் பின்சக்கரம் வலப்பக்கப் பின்மூலையில், தரையின் விளிம்புக்கு உள்ளே ஊன்றிவிட்டது. டோர் திறந்தேதான் இருக்கும், ஆனால் அதன் மேல் பாரம் இல்லை. ஹேண்டில்பாரிலிருந்து முன்பக்கம் இரண்டு ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கும் கட்டுப்பட்டை), முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கும் வரை இழுத்து. பின்சக்கரத்துக்கு ஒன்று, பக்கவாட்டில் நகராமல். கம்பம்மெட்டு வரை போய் இறங்கிப் பார்த்தேன். பெல்ட் தளரவில்லை.

டோர் திறந்தபடி ஓட்டும்போது ஒரு சின்ன விஷயம்: ரிவர்ஸ் கேமரா டோரில் இருப்பதால் அது தரையைக் காட்டுகிறது. பின்லைட்டுகள் பாடியின் பக்கத்தில் இருப்பதால் மறையவில்லை. நம்பர் பிளேட் எவ்வளவு மறைகிறது என்று பின்னால் வருகிற வண்டியின் உயரத்தில் குனிந்து பார்க்கவேண்டும், நின்று பார்த்தால் தெரியாது.

அடுத்தது நீட்டிப்பு. கம்பத்தில் வெல்டிங் பட்டறையில் ஓரங்குல ஜிஐ பைப்பால் ‘ப’ வடிவக் கூண்டு ஒன்று செய்யச் சொன்னேன். டோரைக் கீழே போட்டு அதன் மேல் கூண்டைக் கவிழ்த்தால் ஒன்றரை அடி கூடி ஆறரையாகிவிடும். பச்சைக்காய்ச் சாக்கு, காலி டிரம், சருகு மாதிரி இடத்தை அடைக்கிற, எடையில்லாத சாமானுக்கு மட்டும். பட்டறைக்காரர் பாடியோடு சேர்த்து வெல்டு வைத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். வண்டியின் அமைப்பை நாமாக மாற்றக்கூடாது என்பது சட்டத்தின் 52-ஆவது பிரிவு. நான்கு போல்ட்டில் கழற்றி வீட்டில் வைக்கிற மாதிரிதான் கேட்டேன். கூண்டின் பின்விளிம்பில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறேன். ஓட்டும்போது பைப் டோரில் உரசிக் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியதும் நின்றது.

இப்போது கையில் இருப்பது மேடை வேலை. சக்கர மேட்டின் உயரத்துக்கு 12 மி.மீ. பிளைவுட்டால் ஒரு தளம் போட்டால், மேலே ஐந்தடி அகலமும் முழுசாகக் கிடைக்கும், கீழே பெல்ட், கருவிப்பெட்டி வைக்க இடமும் வரும். ஒரே பலகையில் முடியும்: எட்டுக்கு நாலில் ஐந்துக்கு நாலு வெட்டிவிட்டால் மூன்றுக்கு நாலு மிச்சம், அதிலிருந்து நாலடிக்கு ஓரடிப் பட்டை ஒன்று, ஓரடிச் சதுரம் ஒன்று எடுத்து ஒட்டினால் ஐந்துக்கு ஐந்து ஆகிவிடுகிறது. இணைப்பின் அடியில் ரீப்பர் கட்டை கொடுக்கவேண்டும். பைக் ஏற்றும்போது மேடையைக் கழற்றித்தான் ஆகவேண்டும், அந்த உயரத்தில் பைக்கை நிறுத்தினால் வளைவில் சாயும். ஆகவே இரண்டு துண்டாக, கைப்பிடித் துளையோடு வெட்டுகிறேன். பட்டறையில் ஜிக்சா ரம்பம் அடுத்த வாரம்தான் காலியாகிறதாம்.