வலிக்காத கால்

எனக்கு வயது 67. சர்க்கரை நோய் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு சித்திரைப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை சென்றபோது, இரவுக் கூட்டத்துக்கு அஞ்சி மாலை நான்கு மணிக்கே கிரிவலத்தைத் தொடங்கி, வெயிலில் காய்ந்த பாதையில் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலுடன் நடந்து முடித்தேன். கால் சுடவே இல்லை. அதை அருணாசலேசுவரரின் அருள் என்றே எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என் மருமகள்தான், "அத்தை, நீங்கள் நடந்த இடமெல்லாம் ஈரமாக இருக்கிறதே" என்றாள். பெருவிரலின் அடியில் கொப்புளம் உடைந்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண்ணாகியிருந்தது.

மருத்துவமனையில் கண்களை மூடச் சொல்லி, நைலான் இழை பாதத்தில் படும்போதெல்லாம் சொல்லுமாறு கேட்டார்கள். எப்போது தொடங்குவார்கள் என்று காத்திருந்தேன். சோதனை முடிந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். அழுகிய சதையைக் கத்தியால் சீவி எடுத்தபோதும் வலிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நரம்பு மரத்துப்போனதோடு பாதத்தில் வியர்வையும் குறைந்து தோல் வறண்டு வெடிக்கும் என்று விளக்கினார். குதிகால் வெடிப்பை நான் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.2 சதவீதம் என்று மிக அதிகமாக இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்துவந்த என் பழைய மருத்துவர் ஒருநாளும் காலைப் பார்த்ததில்லை. ஆனால் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்கள் மட்டும் பத்தியம் இருந்து அவரை ஏமாற்றியதும் நான்தான்.

எலும்புக்குச் சீழ் பரவவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. இன்சுலின் ஊசிக்குப் பழகிவிட்டேன். அந்தக் காலை ஊன்றக் கூடாது என்ற கட்டளைக்குத்தான் பழக முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவளுக்கு உட்கார்ந்த இடத்துக்கே காபி வருவது தண்டனை போலிருந்தது. ஒருமுறை யாருமில்லாத நேரத்தில் எழுந்து ரசம் வைத்தேன். மறுநாள் புண்ணின் கட்டுத்துணியில் இரத்தம் கசிந்திருந்தது. புண் ஆற 11 வாரங்கள் ஆயின.

இப்போது வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் செருப்பு அணிகிறேன். மூட்டுவலியால் குனிய முடியாததால், இரவில் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வேலையைப் பேரன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.