ரெட்டு சரி, ஃபாலோ எங்கே?

சுக்கானி ஏழு மாதம் கடலில் கிடந்துவிட்டு போன வாரம்தான் வண்ணாரப்பேட்டை வந்து சேர்ந்தான். கப்பலில் சுக்கான் பிடிக்கிற வேலை. கிளப்பில் பாதிப் பேருக்கு அவன் சொந்தப் பெயரே தெரியாது. டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கேரம் கிளப். மூன்று போர்டு, அதில் ஒன்றுக்கு ஒரு மூலை இறங்கியிருக்கும், காயின் தானாகவே அந்தப் பக்கம் போகும். பகலெல்லாம் லேத் பட்டறையில் நிற்கிற நான் ஏழு மணிக்கு மேல் அங்கேதான் உட்காருவேன்.

வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான். “ஏரோபிளேன் கண்டுபுட்ச்சது ரைட் பிரதர்ஸ் இல்லபா. சாண்டோஸ் டுமோன்னு ஒரு ஆளு.”

பிரேசிலில் சர்க்கரை ஏற்றும்போது துறைமுகத்து ஆள் ஒருவன் இவனை உட்காரவைத்துப் பாடம் எடுத்திருக்கிறான். அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாடம். ரியோவில் ஒரு விமான நிலையத்துக்கே அவர் பெயர். 2016 ஒலிம்பிக் தொடக்க விழாவில்கூட அவருடைய விமானத்தைப் பறக்கவிடுவதுபோலக் காட்டினார்கள், எனக்கே ஞாபகம் இருக்கிறது.

சுக்கானி சொன்னதில் பொய் இல்லை. 1906 அக்டோபர் 23, பாரிஸ் பகாடெல் மைதானத்தில் ஊரே பார்த்துக்கொண்டிருக்க, டுமோனின் 14-பிஸ் என்ற விமானம் தன் சக்கரத்திலேயே ஓடி எழும்பி சுமார் 60 மீட்டர் போனது. நவம்பர் 12 அன்று 220 மீட்டர், 21.5 விநாடி. அளப்பதற்கு ஆள் நின்றார்கள். “உன் ரைட்டு இன்னா பண்ணான்? வண்டிய கவண்ல வெச்சி அட்ச்சி வுட்டான். அதுக்குப் பேரு பறக்கறதா?”

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. காரணம் ரைட் சகோதரர்கள் இல்லை, சார்லி டெய்லர். அவர்கள் சைக்கிள் கடை மெக்கானிக். கார் கம்பெனிகளில் தோதான எஞ்சின் கிடைக்கவில்லை என்றதும், ஆறே வாரத்தில் 12 குதிரைசக்தி எஞ்சினைக் கையாலேயே செய்தவர். கிராங்க் ஷாஃப்டுக்கு ஒரு எஃகுப் பாளத்தை எடுத்து, அதன் மேல் வடிவத்தை வரைந்து, கோட்டோரமாக டிரில் போட்டுத் துளைத்துக்கொண்டே போய், சுத்தியலும் உளியும் வைத்து வேண்டாததைத் தட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை லேத்தில் ஏற்றிக் கடைந்திருக்கிறார். ஒரு கிராங்கை லேத்தில் ஏற்றி சென்டர் மாற்றிப் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் அதன் பேஜார் தெரியும். அவர் பெயரை யாரும் எந்த ஊர் விமான நிலையத்துக்கும் பெரிதாக வைத்ததாகக் காணோம். அது இருக்கட்டும்.

கவண் சமாச்சாரத்துக்கு வருகிறேன். 1903 டிசம்பர் 17 அன்று கவண் கிடையாது. மரத் தண்டவாளம், கடற்கரை எதிர்க்காற்று, அவ்வளவுதான். முதல் தடவை 12 விநாடி, 120 அடி. அன்றைக்கே நாலாவது தடவை 59 விநாடி, 852 அடி. கோபுரத்திலிருந்து எடையை விழவிட்டு வண்டியை இழுக்கிற ஏற்பாடு 1904இல் வந்தது. அவர்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் கடற்கரைக் காற்று இல்லையே!

“கவண் இல்லன்னே வெச்சிக்க. யாரு பாத்தா?” என்றான் சுக்கானி.

நான் போர்டைக் காட்டினேன். நடுவில் இருக்கிற சிவப்புக் காயினை, அதான் ரெட்டு, குழியில் போட்டால் போதுமா? அடுத்து நம் காயின் ஒன்றை ஃபாலோ போட வேண்டாமா? ஃபாலோ விழாவிட்டால் ரெட்டு திரும்பி நடுவுக்கு வந்துவிடும். பிரான்ஸில் கிளெமான் அடேர் 1890லேயே நீராவி எஞ்சின் வைத்த வௌவால் மாதிரி ஒன்றில் தரையைவிட்டுக் கொஞ்சம் கிளம்பினார். ரெட்டு விழுந்தது, ஃபாலோ இல்லை. நியூசிலாந்து ரிச்சர்ட் பியர்ஸுக்காக அந்த ஊர்க்காரர்கள் வரிந்துகட்டுகிறார்கள். அவரோ ரைட் சகோதரர்களுக்கே பெருமையைக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவுக்குள்ளேயே கனெக்டிகட் மாநிலம் 1901இல் எங்கள் வைட்ஹெட்தான் பறந்தார் என்று 2013இல் சட்டமே போட்டது. சட்டம் போட்டால் ரெட்டு விழுமா?

விமானத்துக்கு ஃபாலோ எது? திருப்பவேண்டும், சுற்றி வரவேண்டும், உடையாமல் இறங்கவேண்டும். 1904 செப்டம்பர் 20 அன்று ரைட் முழு வட்டம் அடித்தார். அதை நேரில் பார்த்த அமோஸ் ரூட் என்பவர் தான் நடத்திய தேனீ வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளாததைத் தேனீக்காரர் எழுதினார்! 1905 அக்டோபர் 5 அன்று ஒரே மூச்சில் 39 நிமிடம், 24 மைல். பகாடெலுக்கு ஒரு வருஷம் முன்னால். 1908இல் பிரான்ஸுக்கே போய் வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டியபோது அந்த ஊர்க்காரர்களே வாயைப் பிளந்தார்கள்.

“சுக்கான் இல்லாம கப்பல் நேரா போனா, அதுக்குப் பேரு ஓட்டறதா?” என்று கேட்டேன். அவன் பதில் பேசவில்லை.

பக்கத்து போர்டில் ஆடிக்கொண்டிருந்த காலேஜ் பையன் சும்மா இருந்திருக்கலாம். “ண்ணா, 1895லயே மும்பை சௌபாட்டில தல்பாடேன்னு நம்மாளு ஒருத்தரு ஏரோபிளேன் வுட்டுட்டாருண்ணா” என்றான். நிஜமாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பறந்ததற்கு அந்தக் காலத்துச் சாட்சி ஒன்றும் நிற்கவில்லை. அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டு வருகிற, விமானம் செய்யச் சொல்லித்தரும் பழங்கால நூல் என்று சொல்லப்படுகிற வைமானிக சாஸ்திரத்தை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆட்கள் 1974இல் அலசி, அது 1904க்கு முந்தியது அல்ல, அதில் உள்ளவை பறக்காது என்று எழுதிவிட்டார்கள். பையன் முகம் சுண்டிப்போனது.

அவனைத் தேற்றத்தான் டி ஆஞ்சலிஸ் கதையை எடுத்தேன். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர். சிம்ப்சன் கம்பெனியில் விமானம் செய்து 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பறந்து காட்டினார் என்று மெட்ராஸ் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அலகாபாத்காரர்களைக் கேட்டால் அந்த வருஷம் டிசம்பரில் தங்கள் ஊரில் நடந்ததுதான் இந்தியாவிலேயே முதல் என்பார்கள். 1911 பிப்ரவரி 18இல் ஹென்றி பெக்கே 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டியதையும் சேர்த்துச் சொல்வார்கள். “அதெல்லாம் அப்பால! தீவுத்திடல் இங்கேர்ந்து சைக்கிள் தூரம், நம்ம ஊரு ஆளுதான் ஃபர்ஸ்டு!” என்று எனக்கே தெரியாமல் குரல் ஏறிவிட்டது.

சுக்கானி பவுடரைத் தூவி, உள்ளங்கையால் போர்டைத் தேய்த்துக்கொண்டே நிதானமாகக் கேட்டான்.

“ரெட்டு சரிபா. உன் ஓட்டல்காரன் வண்டிய திருப்பனானா?”

ஸ்ட்ரைக்கரை அவன் பக்கம் தள்ளிவிட்டேன். “உன் டர்ன்டா. ஆட்றா.”