சோப்பு போட்ட மேசை

பாளையங்கோட்டைக்குத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்த ஊரில் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டுத்தான் முகூர்த்த நேரத்தையே பார்ப்பார். அவரையும் அம்மாவையும் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தேன்.

எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு காப்பிக் கடை. பால் விட்டு, சர்க்கரை சேர்க்காமல் ஒரு காப்பி கிடைக்குமா என்று துணை வாக்கியமெல்லாம் வைத்து அழகான ஆங்கிலத்தில் கேட்டார் அப்பா. கடைக்காரச் சீனத் தாத்தா உள்ளே திரும்பி, "கோப்பி சி கோசோங்!" என்று கத்தினார். வெறும் கோப்பி என்றால் இனிப்பான கண்டென்ஸ்டு மில்க் விட்டு வரும். 'ஓ' என்றால் பால் கிடையாது. 'சி' என்றால் இனிப்பில்லாத எவாப்பரேட்டட் மில்க். கோசோங் மலாய்ச் சொல். காலி என்று அர்த்தம், இங்கே சர்க்கரை காலி. சுகர் உள்ளவர்கள் விமானத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

அடுத்து, "ஹேவிங் ஹியர்?" என்றார் தாத்தா.

"எழுவாயும் இல்ல, செயப்படுபொருளும் இல்ல. எதை ஹேவிங்?" என்று என்னிடம் திரும்பினார் அப்பா. அதற்குள் தாத்தா பொறுமை இழந்து, "தாபாவ்?" என்றார். பார்சலா என்று கேட்கிறார். அப்பா காதில் அது 'டப்பாவா?' என்று விழுந்து, அவரும் தலையை ஆட்டிவிட்டார். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில், ஸ்ட்ராவோடு காப்பி வந்தது. டப்பா எங்கே என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

இதெல்லாம் சின்ன விஷயம். ஒருநாள் மத்தியானம், ஆபீஸ் கூட்டம் மொய்க்கிற நேரத்தில், பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே இடத்தில் இருக்கும் ஹாக்கர் சென்டருக்குப் போனோம். நாங்கள் சாப்பாடு வாங்க வரிசையில் நிற்க, அப்பா இடம் பிடிக்கப் போனார். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஊரே மதிக்கும் சட்டம் அது. அதற்குப் பெயர் 'சோப்'. நாங்கள் தட்டோடு திரும்பும்போது, அப்பா உட்கார்ந்திருந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெண் சூப் கிண்ணத்தோடு தவித்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், திஸ் டேபிள் சோப் ஆல்ரெடி."

"தேங்க் யூ, தேங்க் யூ," என்ற அப்பா எங்களைப் பார்த்து, "சோப்பு போட்டுத் துடைச்சாச்சாம், உக்காருங்க. கை துடைக்க டிஷ்யூகூட வச்சிருக்காங்க," என்று அவளுடைய பாக்கெட்டையே பிரித்து நீட்டினார்.

நல்ல ஆங்கிலம் பேசுங்கள் என்று இங்கே அரசாங்கமே 2000-இல் ஓர் இயக்கம் தொடங்கியதைச் சொன்னேன். அப்பாவுக்கு உயிர் வந்தது. 'ஷியோக்' (பிரமாதம்), 'லெப்பாக்' (சும்மா பொழுதைப் போக்குவது) போன்ற சிங்கப்பூர்ச் சொற்களை 2016-இல் ஆக்ஸ்போர்டு அகராதி சேர்த்துக்கொண்டதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி ரசம் வேண்டாம் என்றுவிட்டார்.

அம்மாவுக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை தேறினால் அதிகம். தேக்கா மார்க்கெட்டில் சீனர் ஒருவரின் மீன் கடைமுன் நின்று, வஞ்சிரத்தைக் காட்டி, "டூ டாலர் லெஸ், கேன்?" என்றாள்.

"கேன்நாட் லா, ஆன்ட்டி!"

"கேன் லா, கேன்."

அவர் சிரித்துவிட்டு, விலையைக் குறைக்காமல் ஒரு கைப்பிடி இறாலை அள்ளிப் பையில் போட்டார். இவளுக்கு எப்படி இதெல்லாம் புரிகிறது என்று அப்பாவுக்குத் தாங்கவில்லை. கேட்டேவிட்டார்.

"முடியாதுலேங்கான். இதுக்கு எம்.ஏ. படிக்கணுமாக்கும்?" என்று பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த கடையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டாள்.