குளக்கரைக்கு ஓர் இடுப்புப் பை

குளக்கரையில் பையைக் கீழே வைக்க இடம் கிடையாது. கரை மேல் சீமைக் கருவேல முள் கிடக்கும், சரிவில் சேறு, இரண்டும் இல்லாத மேட்டில் கட்டெறும்பு வரிசை போகும். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரி மாதத்தில் நடந்துவருகிறது. அதற்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் முதுகில் பெரிய பையோடு வந்து, முதல் குளத்திலேயே அதை எங்கே இறக்குவது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அதற்குள் மறுகரையில் மேய்ந்துகொண்டிருந்த ஊசிவால் வாத்துகள் எழும்பிப் போய்விடும். பிறகு என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மாதிரிப் பை வாங்க வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். கரையில் நின்று சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. அடுத்த ஜனவரிக்கு வருகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

கேட்பவர்களில் பெண்களே அதிகம். அதில் வியப்பில்லை. சட்டையும் பேன்ட்டும் போட்டு வருகிறவருக்குப் பேனாவுக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று என்று பாக்கெட்டுகள் இருக்கின்றன. சுடிதாரில் ஒன்று இருந்தாலே அதிகம். அதிலும் கைபேசியைப் போட்டால் துணி ஒரு பக்கமாக இழுபடும். புடவைக்கு அதுவும் இல்லை. என் ஆச்சி இதற்கு வழி வைத்திருந்தார். இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் வெற்றிலை, பாக்கு, பெட்டிச் சாவி, சில்லறை, பல மடிப்பாக மடித்த ரூபாய்த்தாள் எல்லாம் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றால், பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசுகிற பேச்சை நிறுத்தாமல், குனிந்தும் பார்க்காமல், விரலால் தடவியே சரியான சில்லறையை எடுத்துக் கொடுத்துவிடுவார். வயலுக்குப் போகிற ஆண்கள் கைலிக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டிலும் அப்படித்தான்: பணம் ஒரு அறையில், பீடி ஒரு அறையில். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்டாரே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர், அவருடைய இடைவாரிலும் ஒரு சிறிய தோல் பை இருந்தது. அதற்குள் கல்லாலான சுரண்டியும் துளைப்பானும், எலும்பு ஊசியும், நெருப்பு மூட்ட உதவும் உலர்ந்த காளானும் இருந்தன. வழியில் உடனே கைக்கு வேண்டியவை அவ்வளவுதான்.

இடுப்புப் பையிடம் நான் எதிர்பார்ப்பதும் ஆச்சியின் விரல்கள் செய்த அந்த வேலையைத்தான். கண் பைனாகுலரில் இருக்கும்போது, கை தன்பாட்டுக்குப் பென்சிலைத் தேடி எடுக்க வேண்டும். நாமக்கோழிக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு போகும்போது ஒரு கணம் கீழே குனிந்தால் போதும், எதுவரை எண்ணினோம் என்பது போய்விடும். மறுபடியும் இடது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். விலை, நிறம், நிறுவனத்தின் பெயர் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. கரையில் நின்றபடி உண்மையிலேயே எடுக்கிற பொருள்களை மட்டும் மேசையில் பரப்புங்கள். என் மேசையில் இருப்பவை: உள்ளங்கை அளவுக் குறிப்பேடு, இரண்டு பென்சில் (பேனா மை நனைந்தால் பரவிவிடும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்), கைபேசி, கண்ணாடி துடைக்கும் துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பிளாஸ்திரி, ஒரு நாப்கின், ஊதல், சிறிய டார்ச், அடையாள அட்டை, கொஞ்சம் பணம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய். அரை லிட்டர் தண்ணீர் தனி. பைனாகுலர் பைக்குள் போகாது, அது மார்பில் தொங்க வேண்டியது. பறவைக் கையேடும் போகாது. கனமான புத்தகம் வண்டியில் இருக்கட்டும், சந்தேகமான பறவையின் மூக்கையும் காலையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு வந்து பிறகு பார்க்கலாம். இப்படி வரைந்து பார்க்கிறவர்கள்தான் உள்ளான் என்னும் கரைப்பறவைகளைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவுக்கும் இரண்டு லிட்டர் கொள்ளளவு உள்ள பை போதும். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கவாட்டில் தனி உறை இருந்தால் நல்லது. ஐந்து லிட்டர் பைகளும் கிடைக்கின்றன, அவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இடம் இருந்தால் ஸ்வெட்டர் வரும், இன்னொரு பாட்டில் வரும், மதியச் சாப்பாடு வரும். இடுப்பில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் கரையில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது தனியாக ஒரு ஆட்டம் ஆடும்.

ஆட்டத்துக்குக் காரணம் எடை மட்டும் இல்லை. உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் புடைத்துக்கொண்டு நிற்கிறதோ அவ்வளவுக்குப் பை குலுங்கும். அதே கொள்ளளவில் உருண்டையாகக் குவிந்த பையும் கிடைக்கும், தட்டையாக அகன்று இடுப்பைச் சுற்றி வளைந்த பையும் கிடைக்கும். இரண்டாவதை எடுங்கள். பட்டை வயிற்றில் இறுகாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் இறுக்கினால் குனிந்து எழுதும்போது மூச்சு முட்டும். எலும்பில் உட்கார்ந்தால் நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் தெரியாது. பை தொடங்கும் இரு பக்கமும் நாடா கொஞ்சம் அகன்று, மெத்தை வைத்து வருவது அதற்காகத்தான்.

பட்டையை ஒரு பிடி தளர்த்தினால் பை இடுப்பைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் பாருங்கள். நடக்கும்போது முதுகுப் பக்கம், நின்று எண்ணும்போது முன்பக்கம், ராஜவல்லிபுரத்துக்கு மினி பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு போகும்போது வயிற்றுக்கு நேரே. துப்பட்டா போடுகிறவர்கள் அதைக் குறுக்காகப் போட்டு நுனியைப் பட்டைக்கு உள்ளே செருகிவிடலாம். காற்றில் பறந்து பைனாகுலரை மறைக்காது. ஆனால் பக்கிளின் பல்லில் துணி மாட்டாமல் இருக்கிறதா என்று கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சில பக்கிள்களுக்குப் பின்னால் ஒரு சிறு துணி மடல் தைத்திருப்பார்கள். பெண்களுக்கு அது பெரிய உதவி.

ஒற்றைத் தோளில் குறுக்காகப் போடும் பை போதாதா என்று கேட்கிறார்கள். பறவை பார்ப்பவருக்குப் போதாது. பைனாகுலர் வாரோடு அதுவும் மார்பில் குறுக்கே வரும்; பைனாகுலரை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இரண்டும் பின்னிக்கொள்ளும். போதாக்குறைக்குக் கழுத்தில் ஒரே பக்கம் பாரம்.

இனி, எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்லாத ஒன்று. வெல்க்ரோ வைத்த பையை வாங்காதீர்கள். கிழிக்கிற அந்த ஓசை அதிகாலைக் குளத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கேட்டால்தான் தெரியும். பத்தடி தள்ளிக் கோரைக்குள் நிற்கிற குருட்டுக்கொக்கு அதற்கு மேல் பொறுக்காது. ஜிப்பைப் பிடித்து இழுக்கும் உலோகக் கொளுவிகளும் அப்படித்தான், நடக்க நடக்கக் கிணுகிணுக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு முறுக்குக் கயிற்றை முடிந்துகொண்டால் சத்தமும் போகும், விரலுக்குப் பிடியும் கிடைக்கும்.

வெளிநிறம் மண்ணோ பாசியோ சாம்பலோ எதுவாகவும் இருக்கட்டும். உள்துணி மட்டும் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். கறுப்புத் துணிக்குள் கறுப்புப் பென்சில் விழுந்தால், விடியுமுன் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நின்றுகொண்டு அதைத் தேட முடியாது.

கடைக்கு அந்தப் பொருள்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போனேன். காலிப் பைக்குள் திணித்திருந்த காகிதத்தை எடுக்கச் சொல்லி, என் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி இடக்கையால் பென்சிலை எடுத்துப் பார்த்தேன். கடைக்கார அண்ணாச்சி வேலை செய்கிற பையனைக் கூப்பிட்டு, "இவர்களுக்கு இன்னும் நாலு மாடல் எடுத்துப் போடு, பொறுமையாகப் பார்க்கட்டும்" என்றார். மூன்று பைகளில் கை தடுமாறியது. நான்காவதில் முன்னறைக்குள் கை நேராகப் பென்சிலிடம் போனது. அதைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாங்குமுன் பையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்புங்கள். தையல் ஓரங்களைப் பட்டைத் துணியால் மூடித் தைத்திருக்கிறதா, வெட்டிய நூல் அப்படியே தொங்குகிறதா என்று தெரிந்துவிடும். தொங்கினால் ஜிப் அந்த நூலைக் கடிக்கும். துணியின் கனத்தை டெனியரில் சொல்வார்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். சாலையில் ஓடுகிறவருக்கு மெல்லிய துணி போதும். கருவேல முள்ளுக்குள் நுழைந்து வருகிறவருக்கு 400, 500 டெனியர் துணியாவது வேண்டும்.

ஜிப்புக்கும் எண் உண்டு, பெரும்பாலும் ரன்னரின் (பல்வரிசையில் ஓடித் திறந்து மூடும் துண்டின்) அடியில் பொறித்திருக்கும். மூடிய பல்வரிசையின் அகலத்தை மில்லிமீட்டரில் ஏறக்குறையச் சொல்வது அது. 3 எண் ஜிப் பணப்பைக்குச் சரி. வெளியறைக்கு 5 இருக்கட்டும். ஒய்.கே.கே. என்று ஜிப் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். ஒரே அறைக்கு இரண்டு ரன்னர் இருப்பது நல்லது, எந்தக் கையாலும் திறக்கலாம். மணலும் சேறும் பட்டு ரன்னர் தளர்ந்தால் பையைத் தூக்கிப் போட வேண்டாம், நடைபாதையில் பை தைக்கிறவர் சில நிமிடங்களில் வேறு ரன்னர் போட்டுத் தருவார். பக்கிள் மட்டும் தையலைப் பிரிக்காமல் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக் கதவில் நசுங்கி முதலில் உடைவது அதுதான்.

மழையைப் பற்றி. 'தண்ணீர் புகாது' என்று அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் துணியைப் பற்றியது. தையல் துளைக்கும் ஜிப்புக்கும் அது பொருந்தாது. மாஞ்சோலை மலைப் பக்கம் போனால் கைபேசியையும் குறிப்பேட்டையும் தனியாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் பைக்குள் வைக்கிறேன். அந்த உறை திரும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும், காட்டில் ஒரு துண்டுகூட விழக்கூடாது. அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கக் காலில் போடும் துணியுறைகளைக் கழற்றியதும் ஈரத்தோடு பைக்குள் போட வேண்டாம். பையின் அடியில் இரண்டு வார் இருந்தால் சுருட்டி வெளியே கட்டிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் பையை நிழலில் காயவைத்துப் பிறகு அலமாரியில் வையுங்கள். ஈரத்தோடு அடைத்துவைத்தால் துணியின் உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது விரைவிலேயே நடக்கும்.

புதுப் பையின் பட்டை தேவைக்கு மேல் நீளமாகத் தொங்கும், முள்ளில் மாட்டும். ஸ்வெட்டருக்கு மேலும் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் நான்கு விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். வெட்டிய முனையைத் தீக்குச்சிச் சுடரில் ஒரு நொடி காட்டினால் நூல் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. சூடாக இருக்கும்போது விரலால் தொட வேண்டாம், பழைய கரண்டியின் முதுகால் அழுத்தினால் போதும்.