களர் குழியில் நெல்லி: கொழுந்து பச்சையாக வந்துவிட்டது

களர் நிலத்தில், அதாவது சோடியம் மிகுந்து காரம் ஏறிய மண்ணில், நட்ட பன்னிரண்டு நெல்லிக் கன்றுகளில் ஒன்பது தேறிவிட்டன. இந்தத் தடவை கொழுந்து பச்சையாகவே விரிந்திருக்கிறது. போன பருவத்தில் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது, மற்றதெல்லாம் வெளுப்பு. அடி இலைகளோ நுனியிலிருந்து ஓரமாகக் கருகிக்கொண்டே வந்தன. கருகல், இலையில் சேர்ந்துபோன சோடியமும் குளோரைடும் செய்யும் வேலை. வெளுப்புக்குக் காரணம் வேறு: மண்ணில் இரும்பு இருந்தும், காரம் ஏறிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது.

முதலில் நான் உப்பை மட்டும்தான் பார்த்தேன். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 6 டெசிசீமன்ஸ், காரத்தைக் காட்டும் பி.எச். 8.3. நல்ல தண்ணீரைத் தேக்கிக் கழுவினேன். கடத்துதிறன் 1-க்கு இறங்கியது, பி.எச். 9.3-க்கு ஏறியது! அப்புறம் குழியில் ஊற்றிய தண்ணீர் இரண்டு நாள் ஆகியும் இறங்கவில்லை. களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருந்ததே அந்த உப்புக்கரைசல்தான். அது போனதும், களியில் ஒட்டியிருந்த சோடியம் துகள்களைப் பிரித்துவிட்டது. அவை துளைகளை அடைத்துக்கொண்டன. கால்சியம் தரும் ஜிப்சத்தைப் போட்டுவிட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

இதை முன்கூட்டியே காட்டும் சோதனை ஒன்று உண்டு. பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அலுங்காமல் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கட்டி உதிர்ந்தால் மட்டும் அது களர் ஆகிவிடாது. கட்டியைச் சுற்றிப் பால் போல ஒரு வளையம் கிளம்புகிறதா என்பதுதான் விஷயம். நான் கிணற்றுத் தண்ணீரில் செய்து, வளையம் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பே கலங்கலை மறைத்துவிடும். பிடித்து வைத்த மழைநீரில் அதே மண்ணைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் அடியில் வெள்ளைப் புகை படர்ந்தது. மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், இரண்டில் ஒன்று கட்டாயம்.

இரண்டரை அடியில் சுக்கான் அடுக்கு, அதாவது இறுகிப்போன சுண்ணாம்புக் கல் அடுக்கு. அதைக் கடப்பாரையால் உடைத்துத் துளை போட்ட பிறகுதான் ஜிப்சத்துக்கே பலன் தெரிந்தது. ஜிப்சத்தின் கால்சியம் களியிலிருந்து சோடியத்தை வெளியேற்றும்; அந்தச் சோடியம் கீழே போக வழி வேண்டுமே. இப்போது பி.எச். 8.4.

ஜிப்சம் வாங்குகிறவர்கள் தூளில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புத்தூள் கலந்திருக்கிறது. இவ்வளவு காரத்தில் அது கரையவே கரையாது. என் இரண்டாவது மூட்டை நன்றாகவே நுரைத்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெளுப்புக்கு ஊற்றும் இரும்புச் செலேட்டையும் (வேர் எடுக்கும்படி இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் உரம்) வகை பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. வகையை இந்த மண்ணில் ஊற்றுவது வீண், ஈ.டி.டி.எச்.ஏ. மட்டுமே தாங்கும்.

கன்று செத்த மூன்று குழிகளில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன். அதை மடக்கி மிதித்ததும், ஒன்றில் மட்டும் ஜிப்சத்துக்குப் பதில் கந்தகம். நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக்கினால், அங்கே கிடக்கும் சுக்கானே கரைந்து கால்சியம் தர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அப்போது மண்கட்டியைச் சோதிக்க மழைநீர் இரண்டு பாட்டில் எடுத்து வைத்துவிட்டேன்.