2 மில்லிமீட்டர் சாய்வு: அட்டையில் ஒரு பிக் பென்

லண்டன் மணிக்கூண்டை அட்டையில் கட்ட ஆரம்பித்து இது ஐந்தாவது வாரம். அளவு 1:200. நிஜக் கோபுரம் 96 மீட்டர், என்னுடையது 48 சென்டிமீட்டர். பிக் பென் என்பது உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர்தான். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் டவர் என்று பெயர். எங்கள் வீட்டில் அதெல்லாம் எடுபடவில்லை, "பிக் பென் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அது லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று படித்த அன்று பிடித்தது சனி. வடமேற்காக 0.26 டிகிரி. கணக்குப் போட்டால் என் உச்சியில் 2 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது நான் வெட்டும் அட்டையின் கனம். பைசா கோபுரம் என்றால் கவலையே இல்லை; இதே அளவில் அதன் உச்சி கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் விலகும், வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். இந்த 2 மில்லிமீட்டரை எப்படிச் செய்வது?

சரி, முதலில் நேராகக் கட்டுவோம், அப்புறம் சாய்ப்போம் என்று நாலு சுவரையும் ஒட்டினேன். மறுநாள் காலை உச்சி மூலையிலிருந்து தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், அடியில் 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. கேட்காமலே சாய்ந்துவிட்டது, அதுவும் இரண்டு மடங்குக்கு மேல்! மழுங்கின பிளேடால் வெட்டியதில் ஒரு மூலையின் அடி 1 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கீழே 1, மேலே 5. களிமண் மேல் நிற்கிற கோபுரங்களுக்கும் இதே தொல்லைதான்.

குறைந்த மூலைக்கு அடியில் காகிதம் மடித்துச் செருகினேன். நசுங்கி, ராத்திரிக்குள் பழையபடி ஆனது. அப்போதுதான் பைசாவில் செய்தது நினைவுக்கு வந்தது. அது தெற்கே சாய்ந்த கோபுரம். சாய்ந்த பக்கத்தை யாரும் தூக்கவில்லை. எதிர்ப்பக்கமான வடக்கில், அடியிலிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கோபுரம் தானாக அந்தப் பக்கம் அமர்ந்து, உச்சி ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. 1990இல் மூடியதை 2001இல் திறந்தார்கள். பைசாவை நிமிர்த்திய குழுவில் இருந்த பொறியாளர் ஜான் பர்லாண்ட்தான், 1990களில் லண்டனில் ஜூபிலி என்ற சுரங்க ரயில் பாதைக்காக மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே ஆழமாகத் தோண்டியபோது அதற்கும் காவல். அங்கே முறை வேறு: அடி மண்ணுக்குள் சிமெண்ட் குழம்பைச் செலுத்தி, சாய்வு கூடாமல் பிடித்து வைத்தார்கள்.

நான் பைசா வழிக்குப் போனேன். மேஜையில் உப்புத்தாளை விரித்து, உயர்ந்திருந்த எதிர் மூலையை மட்டும் பத்து இழுப்பு தேய்ப்பது, நிறுத்தி நூல் பார்ப்பது, மறுபடி பத்து. 5 நாலரை ஆனது, நாலு ஆனது, பிறகு மூன்று. அரை மில்லிமீட்டர் தூள் உதிர்ந்ததும் நூல் இரண்டைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றது. நாலு பக்கமும் ஒரே மாதிரி என்பதால், சாய்ந்த மூலைக்கு வடமேற்கு என்று பெயர் வைத்துவிட்டேன்.

கடிகார முகம் 7 மீட்டர் அகலம், எனக்கு 3.5 சென்டிமீட்டர். இங்கேயும் ஒரு சறுக்கல். ரோமன் எண் கடிகாரங்களில் நாலுக்குப் பெரும்பாலும் நாலு கோடு போடுவார்கள். நானும் அப்படியே வரைந்து நாலு முகத்தையும் ஒட்டிவிட்டேன். பிக் பென்னில் ஐந்துக்கு முன்னால் ஒரு கோடுதான். நாலையும் உரித்தேன். முள்ளுக்குக் கறுப்பு வேண்டாம், அடர்நீலம். 2022இல் முடிந்த பழுதுபார்ப்பில் பழைய நீலத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். பெரிய முள் 2.1 சென்டிமீட்டர். மின்கம்பியிலிருந்து உருவிய செப்பு இழை அதற்குச் சரியாக இருந்தது.

கூம்பு இன்னும் பாக்கி. அதை ஒட்டியதும் முதல் வேலை நூல் பார்ப்பதுதான். உப்புத்தாளை மேஜையிலிருந்து எடுக்கவில்லை.